ஒரு தையல் என்ன செய்துவிடும்? 2024-25 ஸ்கி ஜம்பிங் சீசனை நம்பலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: "ட்ரோன்ட்ஹைம் உலக சாம்பியன்ஷிப்பில் நார்வே வீரரின் உடையில் ஏதோ தையல் போட்டிருந்தார்களாம், அதனால் வெள்ளிப் பதக்கம் போய்விட்டதாம். துணியில் ஒரு தையல் அப்படி என்ன செய்துவிடும்? அந்த வருடம் ஜெயித்த மற்றவர்களை மட்டும் எப்படி நம்புவது?" இதில் முதல் பாதி இயற்பியல். அதற்கு நேரடியாகவே பதில் உண்டு. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இரண்டாவது பாதி என்று நினைக்கிறேன். ஸ்கி ஜம்பிங்கில், அதாவது பனிச் சரிவில் சறுக்கி வந்து எம்பித் தூரம் பறக்கும் விளையாட்டில், நவம்பரில் தொடங்கி மார்ச் கடைசி வரை நடந்த ஒரு முழு சீசனை ஒரே ஒரு சனிக்கிழமை கெடுத்துவிட்டதா என்பதுதான் அது. முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதற்குள் போக முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் படித்தது ஏரோடைனமிக்ஸ். வேலை நிமித்தமாகப் பல வருடங்கள் விண்ட் டனலில், அதாவது காற்றை வேகமாக ஓடவிட்டு அளக்கும் கூடத்தில், விளையாட்டு உடைத் துணிகளைச் சோதித்திருக்கிறேன். வசிப்பது நார்வேயில். குளிர்காலத்தில் எங்கள் ஊர் கிளப்பின் சின்னக் குன்றில் பிள்ளைகள் தாண்டும்போது சரிவில் பனியை மிதித்துச் சமப்படுத்தும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். ஆனால் சர்வதேசப் போட்டிகளின் உடைச் சோதனை அறைக்குள் நான் நின்றதில்லை. அங்கே நடந்ததைப் பற்றி விசாரணையில் வெளிவந்ததை வைத்துத்தான் பேச முடியும். துணி, காற்று, புள்ளிக் கணக்கு இவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் என் தொழிலிலிருந்து வருவது.

முதலில் நடந்ததைச் சரியாக வைத்துக்கொள்வோம். 2025 மார்ச் 8, சனிக்கிழமை. ட்ரோன்ட்ஹைமின் கிரனோசன் பெரிய குன்றில் ஆண்களுக்கான தனிநபர் போட்டி. ஸ்லோவேனியாவின் டோமென் ப்ரெவ்ட்ஸ் முதலிடம், நார்வேயின் மாரியுஸ் லிண்ட்விக் இரண்டாமிடம் என்று போட்டி முடிந்தது. அதற்குள் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. திரைச்சீலை இடுக்கு வழியாக யாரோ ரகசியமாக எடுத்தது. நார்வே அணியின் ஆட்கள் தையல் மிஷினில் உடைகளைத் தைக்கிறார்கள், தலைமைப் பயிற்சியாளர் மாக்னுஸ் ப்ரெவிக் அங்கேயே நிற்கிறார். மற்ற அணிகள் முறையிட்டன. சர்வதேச ஸ்கி சம்மேளனமான ஃபிஸ் உடைகளை வாங்கி மேலோட்டமாகப் பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. தையலைப் பிரித்துக் கிழித்த பிறகுதான் உள்ளே வைத்துத் தைத்திருந்த கெட்டியான நூல் தெரிந்தது. லிண்ட்விக்கும் அவரது சக வீரர் யோஹான் ஆந்த்ரே ஃபோர்ஃபாங்கும் அன்றே தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். வெள்ளி ஆஸ்திரியாவின் யான் ஹோர்லுக்கும், வெண்கலம் ஜப்பானின் ரியோயு கோபயாஷிக்கும் போனது. மறுநாளே நார்வே சம்மேளனம், இது தெரிந்தே செய்த வேலைதான் என்று ஒப்புக்கொண்டது. ஆக, எல்லை எங்கே என்று தெரியாமல் தடுமாறிய கதை இல்லை இது. ஃபிஸ் பார்த்து, அடையாளச் சிப் பொருத்தி அங்கீகரித்த உடையை இரவில் பிரித்து, வேறு மாதிரித் தைத்து, எதுவும் நடக்காததுபோல மறுநாள் அணிவித்தார்கள்.

இனி அந்த நூலுக்கு வருவோம். ஸ்கி ஜம்பிங்கைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஒருவர் சறுக்கி வந்து எம்பிக் குதிப்பதாகத்தான் தெரியும். பெரிய குன்றில் விளிம்பை விட்டுக் கிளம்பும்போது வேகம் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று வெறும் காற்றாக இருக்காது. ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டி லேசாகச் சாய்த்தால் கை தானாக மேலே தூக்குமே, அந்த விசை. இங்கே முழு உடம்பும் அந்த உள்ளங்கை. ஸ்கிகள், அதாவது கால்களில் மாட்டிய நீளமான பலகைகள், இரண்டும் V போல விரிந்திருக்க, உடம்பு அவற்றின் மேல் கிட்டத்தட்டப் படுத்திருக்கும். தூக்குவிசை வருவதற்கு மூன்று இடங்கள்: ஸ்கிகள், உடம்பு, இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்கும் துணி.

அந்த மூன்றாவது இடம்தான் தொடையிடுக்கு. உடை அங்கே தாழ்வாக இறங்கியிருந்தால், கால்கள் விரியும்போது நடுவில் துணி இழுபட்டு ஒரு சின்னப் பரப்பு உருவாகும். பரப்பு கூடினால் தூக்குவிசை கூடும். துணி மெத்தென்று மடங்கிக்கொண்டே இருந்தால் அந்தப் பரப்பு காற்றில் படபடக்கும், விசை நிலையாக இருக்காது. தையல் கோட்டில் ஒரு விறைப்பான நூலை ஓடவிட்டால் துணி விறைப்பாக நிற்கும், படபடப்பு அடங்கும், பறப்பவருக்கும் ஒரு நிதானம் கிடைக்கும். இந்தத் துணிகளை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பல அடுக்கு, நடுவில் மெல்லிய நுரை, மொத்தக் கனம் 4 முதல் 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. விரல்களுக்கு நடுவே அழுத்தினால் அமுங்கி உடனே எழும்பும். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக ஒரு நொடியில் குறைந்தது 40 லிட்டர் காற்று ஊடுருவ வேண்டும் என்றும் விதி உண்டு. காற்று புகாத துணி பாய்மரம் மாதிரி வேலை செய்துவிடும் என்பதால்தான் அது. துணி ஆலையிலிருந்து வரும்போது இந்த அளவுகளில் சரியாக இருக்கலாம். தைத்து, பிரித்து, திரும்பத் தைத்த பிறகு அந்த உடை காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு விஷயம். ஒரே துணியில் தையல் வரி ஓடும் திசையை மாற்றினாலே விண்ட் டனலில் எண்கள் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு மாறும்? இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரிக்க வேண்டும். துணியின் பரப்பும் விறைப்பும் தூரத்தைக் கூட்டும் என்பதில் சந்தேகமே இல்லை. 2025-ல் வெளிவந்த ஒரு கணினிக் கணக்கு, உடையின் சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் மாறினால் தூரம் 2.8 மீட்டர் வரை மாறலாம் என்றது. அது தளர்வைப் பற்றிய கணக்கு, இந்தக் குறிப்பிட்ட நூலைப் பற்றியது இல்லை. லிண்ட்விக் அன்று தாண்டியதில் எத்தனை மீட்டர் அந்த நூலுக்குச் சேரும் என்று யாராவது தசமத்தோடு சொன்னால் நம்பாதீர்கள். அதே ஆளை, அதே காற்றில், நூல் இல்லாத உடையில் மறுபடி தாண்டவிட்டால்தான் அது தெரியும். அப்படி ஒரு சோதனை நடக்கவே முடியாது.

ஆனால் ஓரிரண்டு மீட்டரே இந்த விளையாட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அந்த சீசனிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. அதற்கு முன் புள்ளிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குன்றிலும் கே கோடு என்று ஒரு தூரம் குறித்திருப்பார்கள். பெரிய குன்றில் அந்தக் கோட்டில் இறங்கினால் 60 புள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 கூடும், கீழே போனால் 1.8 குறையும். ஐந்து நடுவர்கள் பறந்த அழகுக்கும் இறங்கிய விதத்துக்கும் ஆளுக்கு 20 வரை தருவார்கள், மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மூன்றைக் கூட்டுவார்கள். எதிர்க்காற்று தூக்கிவிடும், பின்காற்று அமுக்கிவிடும் என்பதால் அதற்கும், சறுக்கத் தொடங்கும் படியை மேலே கீழே மாற்றினால் அதற்கும் புள்ளியில் ஈடு உண்டு. இந்தக் காற்று ஈட்டை நிபுணர்கள் பலர் குறை சொல்வார்கள், நானும்தான். சரிவின் ஓரத்தில் ஒரு சில இடங்களில் காற்றை அளந்து சராசரி எடுக்கிறார்கள். விளிம்பைத் தாண்டிய முதல் நொடியில் அடிக்கும் காற்றும் கடைசி நொடியில் அடிக்கும் காற்றும் பறப்பவருக்கு ஒன்றில்லை. இருந்தாலும் ஈடே இல்லாமல் இருந்ததைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது அந்த உதாரணம். புத்தாண்டை ஒட்டி ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடக்கும் நான்கு குன்றுத் தொடர்தான் இந்த விளையாட்டில் வருடா வருடம் எல்லோரும் காத்திருக்கும் திருவிழா. ஓபர்ஸ்டோர்ஃப், கார்மிஷ், இன்ஸ்ப்ரூக், பிஷோஃப்ஸ்ஹோஃபென் என நான்கு இடங்கள், எட்டுத் தாவல்கள், எல்லாப் புள்ளிகளையும் கூட்டி ஒரு வெற்றியாளர். 2024-25-ல் ஓபர்ஸ்டோர்ஃபையும் இன்ஸ்ப்ரூக்கையும் ஸ்டெஃபான் கிராஃப்ட் ஜெயித்தார், கார்மிஷை டானியேல் சோஃபெனிக் ஜெயித்தார். ஜனவரி 6-ம் தேதி பிஷோஃப்ஸ்ஹோஃபெனுக்கு வரும்போது கிராஃப்ட், ஹோர்ல், சோஃபெனிக் மூவருக்கும் நடுவே ஒன்றரைப் புள்ளிகூட இல்லை. மூவரும் ஆஸ்திரியர்கள், ஒரே அணி, ஒரே தையல்காரர்கள். கடைசித் தாவலுக்கு உச்சியில் உட்கார்ந்த கிராஃப்டைக் காற்று சரியில்லை என்று காக்க வைத்தார்கள். பச்சை விளக்கு விழுந்த பிறகு கிளம்பச் சில நொடிகள்தான் அவகாசம். அதுவரை அந்தக் குறுக்குக் கம்பியில், கால்கள் ஆறிக்கொண்டிருக்க, கீழே ஆயிரக்கணக்கானவர்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அந்தக் காத்திருப்பு உடம்பில் தெரியும். சோஃபெனிக் தொடரை வென்றார். ஹோர்ல் 1.4 புள்ளி பின்னால், கிராஃப்ட் 4.1 புள்ளி பின்னால். எட்டுத் தாவல்களையும் கூட்டினால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பறந்திருப்பார்கள். அதன் முடிவில் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைவிடக் குறைவு. ஒரு நடுவர் அரைப் புள்ளியை எங்கோ வேறு மாதிரிப் போட்டிருந்தாலே நெருக்கம் இன்னும் கூடியிருக்கும். இப்படிப்பட்ட விளையாட்டில் ஒரு நூல் பதக்கத்தின் நிறத்தையே மாற்றிவிடும் என்று சொன்னால் அதில் மிகை எதுவும் இல்லை.

இதைச் சொன்னதும் உங்கள் இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையாகிறது என்று எனக்குத் தெரிகிறது. ஒரு மீட்டரில் எல்லாம் முடிவாகிறது என்றால், யாருடைய வெற்றியை நம்புவது? என் பதில், ஒரு நாளின் முடிவை நம்புவதும் ஒரு சீசனின் முடிவை நம்புவதும் வேறு வேறு என்பது. உலகக் கோப்பை என்பது நான்கு மாதத்துக்கு மேல், பல நாடுகளில், பல குன்றுகளில் நடப்பது. ஒவ்வொரு போட்டியிலும் முதலிடத்துக்கு 100 புள்ளி, அடுத்தவருக்கு 80, பிறகு 60, 50 என்று இறங்கி 30-வது இடத்துக்கு ஒன்று. ஒரு நாள் காற்று கைகொடுக்கும், இன்னொரு நாள் கைவிடும். ஒரு உடை ஒரு வாரம் எடுபடும், பிறகு கண்டுபிடிக்கப்படும், இல்லாவிட்டால் மற்றவர்களும் காப்பியடித்துவிடுவார்கள். மார்ச் கடைசி வரை நிலைத்து நிற்பது விளிம்பில் எம்பும் அந்தக் கணம்தான். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு தாமதித்தால் விளிம்பில் 25 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். அந்தத் துல்லியத்தை எந்த உடையும் தைத்துக் கொடுக்காது.

பியூஸ் பாஷ்கேயைப் பாருங்கள். ஜெர்மன் வீரர், அந்த சீசன் தொடங்கும்போது 34 வயது. லில்லெஹாமரில் முதல் போட்டியையே ஜெயித்தார். கிறிஸ்துமஸுக்கு முன்பே ஐந்து வெற்றிகள். புள்ளிப் பட்டியலில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டை அவர் உடம்பில்தான் இருந்தது. பலரும் ஓய்வு பெறும் வயதில் ஒருவர் உச்சத்துக்குப் போவதைப் பார்ப்பது எனக்கு அந்தக் குளிர்காலத்தின் பெரிய சந்தோஷம். ஆனால் நான்கு குன்றுத் தொடரில் அந்த எம்பல் அவருக்குச் சற்றே பிசகியது, அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. உடையையோ ஸ்கியையோ யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. இந்த விளையாட்டில் ஒரு வீரரின் உச்சம் வருவதும் போவதும் இப்படித்தான். சீசன் முடிவில் உலகக் கோப்பை வெற்றியாளருக்குத் தரும் பளிங்குக் கோளம் 23 வயது சோஃபெனிக்குக்குப் போனது, இரண்டாமிடம் ஹோர்லுக்கு. டிசம்பரில் ஒருவர், ஜனவரியில் மூவர், பிப்ரவரியில் சப்போரோவில் தன் சொந்த மண்ணில் இரண்டு நாளும் ஜெயித்த கோபயாஷி என்று அலைகள் மாறி மாறி அடித்த வருடத்தில், கடைசி வரை கீழே போகாமல் இருந்தவர் சோஃபெனிக். அதை ஒரு தையல் மிஷினின் வேலை என்று சொல்ல எனக்கு மனம் வராது, ஆதாரமும் இல்லை.

பெண்கள் பக்கம் இது இன்னும் தெளிவு. நிகா ப்ரெவ்ட்ஸ், டோமெனின் தங்கை, ட்ரோன்ட்ஹைமில் சின்னக் குன்று, பெரிய குன்று இரண்டிலும் தனிநபர் தங்கம் வென்றார். அண்ணன் பெரிய குன்றில் தங்கம் வென்றதற்கு முந்தைய நாள்தான் தங்கை அதே குன்றில் வென்றார். உலகக் கோப்பையைத் தொடர்ந்து இரண்டாவது வருடமாக எடுத்துக்கொண்டார். மார்ச்சில் நார்வேயின் விக்கர்சுண்டில், பெரிய குன்றைவிடவும் நீளமாகப் பறக்க அமைத்த பறக்கும் குன்றில், 236 மீட்டர் தாண்டி பெண்களுக்கான உலக சாதனையும் படைத்தார். இப்படிப்பட்ட ஆதிக்கத்தைக் காற்றாலோ துணியாலோ விளக்க முடியாது. இதோடு இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அதே சீசனில் கார்மிஷில் பெண்கள் தகுதிச் சுற்றை வென்ற செலினா ஃப்ரைடாக்குக்குப் பரிசாகக் கிடைத்தது ஷாம்பூவும் நான்கு கைத்துண்டுகளும். ஆண்கள் தகுதிச் சுற்றை வென்றவருக்குச் சுமார் 3,000 யூரோ. அவரே இதை வெளியே சொன்ன பிறகுதான் பேச்சானது. தையலைப் பற்றிக் கோபப்பட்ட அளவுக்கு இதைப் பற்றியும் இந்த விளையாட்டு கோபப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, எங்கே சந்தேகம் மிச்சமிருக்கிறது? முதலாவது, லிண்ட்விக் அதே ட்ரோன்ட்ஹைமில் சின்னக் குன்றில் வென்ற தங்கம். வெள்ளி ஜெர்மனியின் ஆந்த்ரேயாஸ் வெலிங்கருக்கு, வெண்கலம் ஹோர்லுக்கு. அந்தத் தங்கம் இன்றும் லிண்ட்விக்கின் பெயரில்தான் இருக்கிறது. அன்று அணிந்த உடையில் தவறு இருந்ததாக நிரூபணம் எதுவும் இல்லை. நார்வே ஒப்புக்கொண்டதும் பெரிய குன்றுப் போட்டிக்கான உடைகளை மட்டும்தான். நிரூபிக்காமல் பதக்கத்தை எடுக்கக் கூடாது, இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வெலிங்கரின் இடத்தில் நான் இருந்தால் அந்த வெள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியை அவருக்குக் கொடுத்ததுதான் இந்த மோசடியில் மிகப் பெரிய அநியாயம். பிடிபட்ட நாளைவிடப் பிடிபடாத நாட்களைத்தான் அது அதிகம் கெடுக்கிறது.

இரண்டாவது, வீரர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது. தங்களுக்குத் தெரியாது என்றுதான் லிண்ட்விக்கும் ஃபோர்ஃபாங்கும் சொன்னார்கள். 2025 ஆகஸ்டில் மூன்று மாதத் தடையை இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். ப்ரெவிக் உட்பட அணியின் ஊழியர்கள் மூவருக்குப் பிறகு 18 மாதத் தடை வந்தது. இந்த வித்தியாசமே யார்மேல் அதிகப் பழி என்று விசாரணை கருதியதைக் காட்டுகிறது. வீரர்களைப் பற்றி என் சொந்தக் கருத்து: தன் உடையின் ஒவ்வொரு சுருக்கத்தையும் உணர்பவர் ஸ்கி ஜம்பிங் வீரர். எங்கள் கிளப்பில் பத்து வயதுப் பிள்ளையே அண்ணனின் பழைய உடையைப் போட்டுக்கொண்டு வந்த அன்று, "இது காலுக்கு நடுவே வேற மாதிரி இருக்கு" என்று சொல்லும். அதனால் மாற்றத்தை உணரவே இல்லை என்பதை ஏற்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உணர்வதும், விதிமீறல் என்று தெரிந்து சம்மதிப்பதும் ஒன்றில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதற்கு மேல் யாரையும் குற்றம் சாட்ட எனக்கு உரிமை இல்லை.

மூன்றாவது சந்தேகம் எல்லா அணிகளையும் தொடுவது. "எல்லோரும்தானே செய்கிறார்கள்" என்று அந்த நாட்களில் இங்கே அடிக்கடி காதில் விழுந்தது. அதில் பாதி உண்மை. எல்லா அணியும் விதி அனுமதிக்கும் கடைசி மில்லிமீட்டர் வரை தைக்கத்தான் செய்கிறது. சோதனையில் சில சமயம் எல்லையைத் தாண்டிவிடவும் செய்கிறது. 2022 பீஜிங் ஒலிம்பிக்கின் கலப்பு அணிப் போட்டியில் ஜப்பானின் சாரா தகனாஷி உட்பட நான்கு நாடுகளைச் சேர்ந்த ஐந்து பெண்கள் ஒரே நாளில் உடைக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். தகனாஷி கண்ணீர் விட்டதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அளவில் சற்றே பெரிதாக இருந்த உடையையும், சிப் பொருத்தி அங்கீகரித்த பிறகு ரகசியமாகப் பிரித்துத் தைத்த உடையையும் ஒரே தட்டில் வைப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் துரோகம். இரண்டுக்கும் தண்டனைத் தாளில் ஒரே பெயர் இருக்கலாம். குற்றம் ஒன்றில்லை. மற்ற நாடுகளும் இரவில் உடையைப் பிரித்துத் தைத்தார்கள் என்பதற்கு அந்த சீசனில் ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை.

அப்புறம் ஒரு விஷயம் உங்கள் கேள்விக்கு நேரடியாகவே உதவும். ட்ரோன்ட்ஹைமுக்குப் பிறகும் சீசன் தொடர்ந்தது. மீதியிருந்த போட்டிகளுக்கு ஃபிஸ் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. ஆளுக்கு ஒரே ஒரு உடை. அதுவும் போட்டி முடிந்ததும் ஃபிஸிடமே போய்விடும், அடுத்த போட்டிக்கு முன்புதான் கையில் கிடைக்கும். இரவில் பிரித்துத் தைக்க வழியே இல்லை. நார்வே வீரர்கள் ஐந்து பேர் இடைநீக்கத்தில் இருந்தார்கள். அப்படிப்பட்ட நிலையில்தான் மார்ச் 30-ம் தேதி ஸ்லோவேனியாவின் பிளானிட்சா பறக்கும் குன்றில் டோமென் ப்ரெவ்ட்ஸ் 254.5 மீட்டர் தாண்டினார். எட்டு வருடங்களாக விக்கர்சுண்டில் கிராஃப்ட் வைத்திருந்த 253.5 மீட்டர் சாதனையை ஒரே ஒரு மீட்டரில் முறியடித்தார். ஏழெட்டு நொடிகள் காற்றிலேயே இருந்து, சரிவு கிட்டத்தட்டத் தட்டையாகும் இடத்தில் போய் இறங்குகிறார். அங்கே கால்கள் தாங்கும் அழுத்தத்தை நினைத்தாலே எனக்கு முழங்கால் கூசும். எந்த சாதனையை நம்புவது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன், ஏனென்றால் இந்த விளையாட்டு தன் உடைகளை மிக இறுக்கமாகப் பூட்டி வைத்திருந்த வாரங்களில் வந்தது இது. சோஃபெனிக்கின் கோளத்தைப் பற்றி அந்த அளவு உறுதியோடு சொல்ல முடியாது, அவர் புள்ளிகளில் பெரும்பகுதி பழைய சோதனை முறையில் சேர்த்தது. அவர்மேல் சந்தேகப்படக் காரணம் எதுவும் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சீசனுக்கு ஃபிஸ் விதிகளை இன்னும் இறுக்கியது. உடைக்காகத் தகுதி நீக்கம் ஆனால் முதல் தடவை மஞ்சள் அட்டை. மறுபடி நடந்தால் சிவப்பு அட்டை, அடுத்த போட்டியில் இறங்க முடியாது. நல்ல மாற்றம்தான். ஆனால் அட்டை என்பது சோதனையில் பிடிபட்ட உடைக்குத்தான். கிரனோசனில் அந்த உடைகள் முதல் பார்வையில் தேறியவை, கிழித்த பிறகுதான் மாட்டின. அங்கீகாரம் கிடைத்ததிலிருந்து உச்சியில் கம்பியில் உட்காரும் வரை உடை யார் கையில் இருக்கிறது என்பதுதான் இன்னும் அடைக்க வேண்டிய ஓட்டை. 2025 மார்ச்சின் கடைசி வாரங்களில் செய்ததுபோல உடைகளைச் சம்மேளனமே வைத்துக்கொள்வதை வருடம் முழுக்கச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஆள் பலம் வேண்டும், செலவும் ஆகும். என்னைக் கேட்டால், அதைத் தவிர்த்து எத்தனை அட்டைகள் அச்சடித்தாலும் வெலிங்கர் போன்றவர்களுக்கு அது பதிலாகாது.